மாசத்துக்கு 2 கிலோ துவரம்பருப்பு போதுமாம், கேட்டுக்கோங்க!

உறையூர் அக்கா:
நேற்று நம் குழுவில் அட்டவணை அம்பி என்கிற தம்பி, நாலு பேர் குடும்பத்துக்கு முப்பது நாள் சமையலையும் கட்டம் போட்டு எழுதி, கூடவே மளிகைப் பட்டியலும் கொடுத்திருந்தார். இன்றைக்கு என்ன குழம்பு என்று காலையில் முழிக்க வேண்டாமாம், மாசக் கடைசியில் கடைக்கு ஓட வேண்டாமாம். சரி, நல்லதுதான். ஆனால் "துவரம்பருப்பு 2 கிலோ" என்ற வரியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக அடுப்படியில் நிற்கிறேன். 2 கிலோவில் மாசத்தை ஓட்டிய வீட்டை இதுவரை பார்த்ததில்லை.

அட்டவணை அம்பி:
அக்கா, சிரிப்பதற்கு முன்னால் கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று நாள் சாம்பார், ஒரு தடவைக்கு அரை டம்ளர், அதாவது சுமார் 100 கிராம். 12 தடவைக்கு 1 கிலோ 200. அடை இரண்டு தடவை 200. உசிலி இரண்டு தடவை 200, அதில் சேர்கிற கடலைப்பருப்பு தனி. சாம்பார்ப் பொடிக்கு 100. மொத்தம் 1 கிலோ 700. மற்ற நாளெல்லாம் வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, ஞாயிறு கோழி. கூட்டுக்குப் பாசிப்பருப்பு. 300 கிராம் மிச்சம்தான் ஆகும்.

நங்கநல்லூர் நாணா:
நாலு பேர் என்றால் யார் யார்? எங்கள் வீட்டிலும் நாலு பேர்தான், அதில் ஒன்றுக்கு மூன்று வயசு.

உறையூர் அக்கா:
12 தடவையா? மாசத்துக்கு முப்பது நாள் தம்பி, இருபத்தெட்டு இல்லை. மிச்ச இரண்டு நாள் என்ன, விரதமா? இட்லிக்குத் தொட்டுக்க வைக்கிற சாம்பாரை எந்தக் கட்டத்தில் எழுதினீர்கள்? ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் எங்கிருந்து வரும், குழாயிலிருந்தா?

அட்டவணை அம்பி:
இட்லி சாம்பார் பாசிப்பருப்பில் வைக்கிறோம். கணக்கில் அதனால்தான் வரவில்லை.

உறையூர் அக்கா:
பாசிப்பருப்பில் வைத்தால் அது சாம்பாரே இல்லை. கொத்சு என்று சொல்லுங்கள், பேசாமல் போய்விடுகிறேன்.

தாமிரபரணித் தண்ணி:
அக்காவுக்குத் திருச்சிக்குத் தெற்கே ஒரு உலகம் இருப்பதே தெரியாது போல. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொதிக் குழம்புக்கே பாசிப்பருப்புதான். தேங்காய்ப்பாலும் இஞ்சித் துவையலுமாகச் சாப்பிட்டுப் பார்த்தால் துவரம்பருப்பை மறந்துவிடுவீர்கள். புளிக்குழம்பு, தீயல் என்று வாரத்தில் நாலு நாள் பருப்பே இல்லாமல் ஓடும். 2 கிலோ எங்களுக்கு அதிகம்.

கொங்குக் குசும்பன்:
ஏனுங்க, அரிசியும்பருப்பும் யாருக்கும் ஞாபகம் வரலீங்களா? ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. வாரத்துக்கு ஒரு தடவையாவது ஆக்காத வீடு எங்கள் பக்கம் இல்லை. அக்கா சொல்வதுதான் சரி. 2 கிலோ பத்தாது.

உறையூர் அக்கா:
பார்த்தீர்களா, கோயம்புத்தூரிலிருந்தே சாட்சி வந்துவிட்டது. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. போன மாசம் 1-ம் தேதி பிரித்த 2 கிலோ பருப்பு, பாக்கெட் மேல் பேனாவால் தேதி எழுதி, எவர்சில்வர் தூக்கில் கொட்டினேன். 19-ம் தேதி ராத்திரி தூக்கைச் சாய்த்துத் தட்டினால் மூலையில் ஒரு பிடி. அதோடு நாலு வரமிளகாய்க் காம்பு. வண்டு வராமல் இருக்க நான் போட்ட மிளகாயே பருப்பைவிட அதிகமாக இருந்தது.

அட்டவணை அம்பி:
அப்படியென்றால் நீங்கள் தினமும் சாம்பார் வைக்கிறீர்கள். அது அட்டவணையின் தப்பு இல்லையே.

உறையூர் அக்கா:
தினமும் வைத்தேன் என்று நான் எங்கே சொன்னேன்? எந்த டம்ளரில் அளந்தீர்கள், அதைச் சொல்லுங்கள். காபி டம்ளரா, தண்ணீர் டம்ளரா? ஆழாக்கு என்றால் 168 மில்லி, யாரும் வாதாட முடியாது. நாலு பேருக்கு ஒரு ஆழாக்குப் பருப்பு போட்டால்தான் அது சாம்பார். அரை டம்ளர் போட்டால் காய் நீச்சல் அடிக்கும்.

தாமிரபரணித் தண்ணி:
ஆழாக்கு, உழக்கு, படி எல்லாம் இருந்த காலத்திலேயே ஊருக்கு ஊர் படி மாறும். இதில் 168 மில்லியாம்! போன தடவை இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்றா, மூன்றுக்கு ஒன்றா என்று சண்டை வந்தபோதும் இதே ஆழாக்கை எடுத்துக்கொண்டு வந்தவர்தானே நீங்கள்.

உறையூர் அக்கா:
அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி. அவல் போட்டு மெதுவாக்கிவிட்டு உளுந்துமேல் பழி போட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தாமிரபரணித் தண்ணி:
அவல் போட்டது என் மதினி. நான் இல்லை.

குடும்ப அட்டை:
ரேஷனில் கார்டுக்கு 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு வருகிறது, பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். பாக்கி ஒரு கிலோதான் வெளியே வாங்கணும். இதற்கா இவ்வளவு சண்டை?

உறையூர் அக்கா:
வாங்குகிற விலையைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை சார். செலவாகிற அளவைப் பற்றிப் பேசுகிறோம்.

பேச்சிலர் ரூம்:
எங்கள் ரூமில் நாலு பேர். மாசத்துக்கு அரை கிலோ. மிச்சம் எல்லாம் முட்டை.

கொங்குக் குசும்பன்:
தம்பி, நீங்க வேற தனியா ஒரு அட்டவணை போடுங்க. அது இருக்கட்டும், பருப்பை விடுங்கள், காயை எப்படி ஒரு மாசத்துக்கு முன்னாடியே எழுதுவது? ஒட்டன்சத்திரம் காய்ச் சந்தையில் காலையில் ஒரு விலை, மழை பெய்தால் சாயங்காலம் வேறு விலை. அம்பி வாரம் இரண்டு நாள் முருங்கைக்காய் சாம்பார் எழுதியிருக்கிறார். மார்கழியில் முருங்கைக்காய் விற்கிற விலைக்குக் கோழியே வாங்கிவிடலாம்.

அட்டவணை அம்பி:
அது வெறும் "காய்" என்றுதான் இருக்கும், முருங்கை உதாரணத்துக்கு. எல்லாவற்றையும் தப்பாகவே படித்தால் நான் என்ன செய்ய?

உறையூர் அக்கா:
உதாரணத்துக்கு எழுதின பட்டியலில் 2 கிலோ மட்டும் உதாரணம் இல்லையாக்கும். சரி, புரட்டாசி வருகிறதே. உங்கள் ஞாயிறு கோழிக்குப் பதில் என்ன? பாதி வீட்டில் சாம்பார்தான். நாலைந்து ஞாயிறுக்கு இன்னும் அரைக் கிலோ ஏறும். அமாவாசை, கிருத்திகை வேறு இருக்கிறது. அட்டவணை போடுவது சுலபம் தம்பி, கரண்டி பிடித்தால்தான் தெரியும்.

அட்டவணை அம்பி:
நான்தான் சமைக்கிறேன் அக்கா. ஆறு வருஷமாக. நான் ஆண் என்பதால் கரண்டி பிடிக்கத் தெரியாது என்று நினைத்தால் அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

உறையூர் அக்கா:
ஆணா பெண்ணா என்று நான் கேட்டேனா? ஆறு வருஷம் சமைத்தும் ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் விடத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அட்டவணை அம்பி:
எங்கள் வீட்டில் மிளகு ரசம்.

உறையூர் அக்கா:
தினமுமா?

நங்கநல்லூர் நாணா:
இப்போதாவது சொல்லுங்கள், மூன்று வயசுக் குழந்தையைச் சேர்த்து நாலு பேரா, சேர்க்காமலா? நான் இன்றைக்கு மளிகை வாங்கப் போகணும்.

உறையூர் அக்கா:
அதை அப்புறம் பார்ப்போம் நாணா. முதலில் அவர் டம்ளரைத் தராசில் வைத்துப் படம் போடட்டும்.

தாமிரபரணித் தண்ணி:
உங்கள் ஆழாக்கையும் வைத்துப் போடுங்கள் அக்கா. ரொம்ப நாளாக அதைப் பார்க்க ஆசை.