ஒப்லிவியன்: நானே செய்த கிளாஸ் பிழைச்சுப் போச்சு, ரெடிமேட் கிளாஸ் எடுத்துத் திரும்பத் தொடங்கவோ? உதவி தேவை

கொக்குவில் பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். ஏ.எல் சோதினை முடிஞ்சு றிசல்ஸ் வருமட்டும் வீட்டிலை நிக்கிறன், அண்ணை வெளிநாடு போகேக்கை விட்டிட்டுப் போன பழைய கொம்பியூட்டர் ஒண்டு கிடக்கு, அதிலை 2025இல வந்த ஒப்லிவியன் ரீமாஸ்டர் ஓடாது, அதாலை 2006ஆம் ஆண்டுப் பழைய ஒப்லிவியனைப் போட்டு மூண்டு கிழமையா விளையாடிறன். கேம் சரியாப் பிடிச்சுப் போச்சு, அதாலைதான் இவ்வளவு கவலையும்.

தொடக்கத்திலை கிளாஸ், அதாவது எங்கட ஆள் எந்த ஸ்கில்லுகளிலை கெட்டிக்காரன் எண்ட வகை, தெரிவு செய்யச் சொல்லி வருமெல்லோ, அதிலை 21 ரெடிமேட் கிளாஸ் இருந்துது. ஒவ்வொண்டிலையும் எனக்குத் தேவையில்லாத ஏதோ ரெண்டு மூண்டு ஸ்கில் கிடந்துது, அப்ப நானே ஒண்டு செய்வம் எண்டு கஸ்டம் கிளாஸ் எடுத்தனான். நான் எதைக் கூடச் செய்வனோ அதையெல்லாம் மேஜர் ஸ்கில்லாப் போட்டன், ஓடுறது, குதிக்கிறது, பதுங்கிறது, மருந்து காய்ச்சிறது, சாமான் விக்கிறது எண்டு. முதல் அஞ்சாறு லெவல் கெதி கெதியா ஏறிச்சு, நான் நல்லா விளையாடிறன் எண்டுதான் நினைச்சனான்.

இப்ப லெவல் 14. நேற்றுப் பின்னேரம் ஒரு குகைக்குள்ளை ஒரேயொரு கொப்ளின், எண்ணி எண்ணி வெட்டினன், 31 வெட்டு, அது விழேல்லை, என்ர வாள்தான் உடைஞ்சுது. திருத்திறதுக்குச் சுத்தியலும் கையிலை இல்லை, திரும்பி ஓடிவந்து குகை வாசலிலை செத்துப்போனன். வழிப்பறிக் கள்ளர்கூட என்னைவிட நல்ல கவசம் போட்டுக்கொண்டு நிக்கிறாங்கள். க்வாட்ச் நகரத்தைக் காப்பாத்திற மிசனும் இன்னும் தொடேல்லை, ஊர் சுத்திக்கொண்டு திரிஞ்சிட்டன்.

26 மணித்தியாலம் போட்டிருக்கிறன். எல்லாத்தையும் விட்டிட்டு ரெடிமேட் கிளாஸ் ஒண்டு எடுத்துத் திரும்பத் தொடங்கிறதோ, இல்லாட்டி இதையே ஏதும் செய்து காப்பாத்தலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வடலி:
செற்றிங்ஸிலை டிஃபிகல்ற்றி எண்டு ஒரு கோடு இருக்கு, இடப்பக்கம் கொஞ்சம் இழுத்து விடுங்கோ. எந்த நேரமும் மாத்தலாம், திரும்பத் தொடங்கத் தேவையில்லை.

கொக்குவில் பெடியன்:
அண்ணை அதை முந்தாநாளே செய்து பாத்தனான். கொஞ்சம் இழுத்தால் வித்தியாசம் தெரியேல்லை, கூட இழுத்தால் எல்லாம் ரெண்டு வெட்டிலை விழுது, நான்தான் இழுத்து விட்டனான் எண்டு தெரிஞ்சுகொண்டு வெட்ட மனம் வருகுதில்லை. எங்கை பிழை விட்டனான் எண்டு விளங்கினால் காணும்.

கோண்டாவில் அக்கா:
தம்பி, முதல்லை உங்கட 7 மேஜர் ஸ்கில்லும் இப்ப எத்தினையிலை நிக்குது எண்டு வடிவாப் பாத்துப் போடுங்கோ. என்ன இனம், எந்த ராசி, ஸ்பெசலைசேசன் (அடிபாடு, மந்திரம், பதுங்கல் மூண்டிலை எந்தப் பக்கம்) என்ன, என்டூரன்ஸ் (தாங்கிற சக்தி) எவ்வளவு, உயிர் எவ்வளவு. இதுகள் தெரியாமல் ஆரும் ஒண்டும் சொல்லேலாது.

கொக்குவில் பெடியன்:
அக்கா, இம்பீரியல் ஆம்பிளை, தீஃப் ராசி, ஸ்பெசலைசேசன் ஸ்ரெல்த், ஸ்பீடும் அஜிலிற்றியும் எடுத்தனான். பிளேட் (வாள்) 44, ஸ்னீக் (பதுங்கிறது) 58, அக்ரோபற்றிக்ஸ் (குதிக்கிறது) 54, அத்லெற்றிக்ஸ் (ஓடுறது) 47, மேர்க்கன்ரைல் (விக்கிறது வாங்கிறது) 51, ஸ்பீச்கிராஃப்ற் (பேச்சு) 53, அல்கெமி (மருந்து காய்ச்சிறது) 46. என்டூரன்ஸ் 40, தொடக்கத்திலை இருந்த அதேதான், அதிலை புள்ளி போடவேயில்லை. ஸ்ட்ரெங்த் 52. உயிர் 132.

கோண்டாவில் அக்கா:
சரி, இப்ப விளங்குது. கொஞ்சம் நீட்டாத்தான் எழுதப்போறன், பொறுமையா வாசியுங்கோ.

இந்தக் கேமிலை லெவல் ஏறிறது எதிரியை வெட்டி விழுத்திறதாலை இல்லை. அந்த 7 மேஜர் ஸ்கில்லும் சேத்து 10 தரம் கூடினால், பேந்து ஒரு கட்டிலிலை படுத்து எழும்ப ஒரு லெவல், அவ்வளவுதான். ஓட்டோவிலை மீற்றர் பூட்டின மாதிரி, நீங்கள் எந்த 7 ஸ்கில்லைத் தெரியிறீங்களோ அதுகளிலைதான் மீற்றர் பூட்டிக் கிடக்கு. மற்ற 14 ஸ்கில்லும் எவ்வளவு கூடினாலும் லெவல் அசையாது. ஆனால் உலகம் உங்கட லெவலைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது, நீங்கள் 14 எண்டால் கொப்ளினும் கள்ளனும் 14க்குத் தக்க மாதிரித்தான் வருவாங்கள்.

உங்கட கணக்கை நான் கொப்பியிலை போட்டுப் பாத்தன். மேஜர் ஸ்கில் 25இல தொடங்கும், ஸ்பெசலைசேசனுக்கு 5, இம்பீரியலுக்கு பிளேட்டுக்கு 5, மேர்க்கன்ரைலுக்கும் ஸ்பீச்கிராஃப்ற்றுக்கும் 10. அப்பிடிப் பாத்தால் பிளேட் 30இல தொடங்கியிருக்கும், ஏழும் சேத்து 220. இப்ப 353. கூடினது 133. அந்த 133இல வாளுக்கு வந்தது வெறும் 14. மிச்சம் 119உம் ஓடினது, குதிச்சது, பதுங்கினது, கடையிலை பேரம் பேசினது, இலை பிடுங்கி மருந்து காய்ச்சினது. நீங்கள் ஓடிக்கொண்டு திரியத் திரிய எதிரியள் பலத்துப் போனாங்கள், நீங்கள் அப்பிடியே நிண்டிட்டீங்கள்.

உயிர் கதையும் இதுதான். தொடக்கத்திலை என்டூரன்ஸைப் போல ரெண்டு மடங்கு, 80. பிறகு ஒவ்வொரு லெவலுக்கும் என்டூரன்ஸிலை பத்திலை ஒரு பங்கு கூடும், உங்களுக்கு 4 படி 13 தரம், 52. சேத்தால் 132, நீங்கள் சொன்ன அதே கணக்கு. இனி என்டூரன்ஸைக் கூட்டினாலும் போன 13 லெவலுக்குரிய பத்திலை பங்கு திரும்பி வராது, அதாலைதான் இதைப் பிந்திக் கூட்டக் கூடாது எண்டு சொல்லுறது.

ஆகவே கஸ்டம் எடுத்தது பிழை இல்லை தம்பி. சும்மா நடக்கேக்கையே கூடிற ஸ்கில்லுகளிலை மீற்றரைப் பூட்டினதுதான் பிழை. ஓடுறதும் குதிக்கிறதும் மேஜரிலை போடாமல் விட்டாலும் தன்ர பாட்டிலை கூடிக்கொண்டுதானே இருக்கும்.

பருத்தித்துறைக் காத்து:
அக்கா சொன்னது சரி, ஆனால் முதல் தரம் விளையாடிற ஆக்களுக்கு நான் ரெடிமேட்தான் சொல்லுவன். கீழ்ச் சுரங்கத்தாலை வரேக்கை பாவுரஸ் எண்ட அந்தக் காவல்காரன், நீங்கள் அதுவரைக்கும் எப்பிடி அடிபட்டனீங்கள் எண்டதைப் பாத்து ஒரு கிளாஸ் சொல்லுவான் எல்லோ, அது சும்மா சொல்லிறது இல்லை. வாரியர் எடுத்தால் ஏழும் கொம்பற் பக்கத்து ஸ்கில்தான், அதிலையும் ஓடுற அத்லெற்றிக்ஸ் ஒண்டு கிடக்கு, ஆனால் லெவல் கூடுதலா அடிபட்டுத்தான் ஏறும், உங்கட அளவுக்குப் பிரச்சினை வராது. ஆனால் பேரைப் பாத்து எடுக்காதேங்கோ, நைற் எண்டால் குதிரை வீரன் எண்டு எடுப்பீங்கள், உள்ளுக்கை பாத்தால் இல்யூசன் எண்ட மந்திரமும் ஸ்பீச்கிராஃப்ற்றும் கிடக்கும்.

சுன்னாகம் 84:
ரெடிமேட் எடுத்தால் கட்டுப்பாடு கையிலை இல்லை. கஸ்டம் கிளாஸிலை நீங்கள் பாவிக்காத ஸ்கில்லுகளை மேஜராப் போடுங்கோ, பாவிக்கிறதுகளை வெளியிலை விடுங்கோ. அப்ப லெவல் ஏறிறது முழுக்க உங்கட விருப்பம். ஒரு லெவலுக்குள்ளை ஒரு அற்றிபியூட்டுக்குரிய (ஸ்ட்ரெங்த், என்டூரன்ஸ் மாதிரி) ஸ்கில்லுகள் 10 தரம் கூடினால் அதுக்கு 5 புள்ளி கிடைக்கும், 5 தொடக்கம் 7 எண்டால் 3தான். எண்ணிக்கொண்டு விளையாடினால் ஒவ்வொரு லெவலுக்கும் மூண்டு அற்றிபியூட்டுக்கு 5, 5, 5 எடுக்கலாம். நான் அப்பிடித்தான் முடிச்சனான், லெவல் 20இல எனக்கு முன்னாலை ஒண்டும் நிக்கேல்லை.

கோண்டாவில் அக்கா:
கணக்கிலை பிழை இல்லை, நானும் ஒருக்கா அப்பிடி விளையாடினனான். மேசையிலை கொப்பி, ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் கோடு போட்டுக் கோடு போட்டு, ஒரு நண்டு கைக்குக் கிட்ட வந்தால்கூட வாளாலை வெட்டவோ கையாலை குத்தவோ எண்டு கொப்பியைப் பாக்கிறது. லெவல் 9ஓடை விட்டிட்டன். கதையிலை ஆர் செத்தது, ஆர் அரசன் எண்டுகூட ஞாபகம் இல்லை, கோடுகள்தான் ஞாபகம். அந்தத் தம்பி இந்த உலகத்திலை சுத்தித் திரியத்தான் விரும்பிறார் எண்டு எழுதினதிலையே தெரியுது, அவருக்கு இது சரிவராது.

சுன்னாகம் 84:
அதுவும் சரிதான் அக்கா, எனக்கு எண்ணிறது பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்காது. அப்ப ஒண்டை மட்டும் எடுங்கோ தம்பி, என்டூரன்ஸை மட்டும் எண்ணுங்கோ. மற்றதுகளை மறந்திடுங்கோ.

கொக்குவில் பெடியன்:
வாசிச்சுப்போட்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டன். 133இல 14. ஒவ்வொரு ஊருக்கும் குதிச்சுக் குதிச்சுத்தான் போனனான், குதிரைகூட வாங்கேல்லை.

அப்ப திரும்பத் தொடங்கிறதுதான். வாரியர் எடுத்தால் பதுங்கிறது இல்லாமல் போகுமே, இருட்டுக்குள்ளை பின்னாலை போய் வெட்டிறதுதான் எனக்கு இந்தக் கேமிலை சரியான விருப்பம். அதை விட மனமில்லை.

கோண்டாவில் அக்கா:
அதை ஏன் விடுவான்? வாரியரை அடியா வச்சு அதைத் திருத்துங்கோ. ரெடிமேட்டும் கஸ்டமும் ரெண்டு கரை இல்லை, ஒண்டைப் பாத்து மற்றதைச் செய்யலாம்.

ஸ்பெசலைசேசன் கொம்பற், ஸ்ட்ரெங்தும் என்டூரன்ஸும். ராசியை வாரியராக்குங்கோ, ரெண்டுக்கும் 10 வரும், அப்ப என்டூரன்ஸ் 55, தொடக்க உயிர் 110. மேஜர் ஸ்கில்: பிளேட், புளொக் (கேடயம்), ஹெவி ஆர்மர் (பாரக் கவசம்), ஸ்னீக், மார்க்ஸ்மன் (வில்லு), ரெஸ்ரோரேசன் (குணப்படுத்திற மந்திரம்), செக்கியூரிற்றி (பூட்டுத் திறக்கிறது). ஸ்னீக் மேஜர் எண்டால் 25இல தொடங்கும், 25இல ஒரு கை வாளாலை பின்னாலை வெட்டினால் 6 மடங்கு. ஹெவி ஆர்மரோடை பதுங்கேக்கை பூட்ஸைக் கழட்டி விடுங்கோ, பூட்ஸின்ர பாரம்தான் சத்தம்.

ஆர்மரரை, சுத்தியலாலை திருத்திற ஸ்கில்லை, வேணுமெண்டே வெளியிலை விட்டிருக்கிறன். கேடயம், கவசம், சுத்தியல் மூண்டும் என்டூரன்ஸுக்கு உரியது, சுத்தியல் மீற்றரிலை இல்லாதபடியால் லெவல் ஏறாமலே என்டூரன்ஸ் கணக்குக் கூடும். எந்தக் குகையிலை பழைய சுத்தியல் கிடந்தாலும் எடுங்கோ, செத்தவன்ர துருப்பிடிச்ச வாளையும் திருத்திப்போட்டு வில்லுங்கோ.

க்வாட்ச் மிசனைக் கெதியா முடியுங்கோ, சின்ன லெவலிலை போனால் அங்கத்தை வாசலுக்குள்ளை ஸ்காம்ப் எண்ட சின்னப் பிசாசுதான் நிக்கும், 14இல போனால் டேட்ரொத் எண்ட பெரிசு நிக்கும்.

வடலி:
சுரங்க வாசல் கம்பிக்கதவுக்கு முன்னாலை சேவ் ஏதும் கிடக்கோ எண்டு லிஸ்ற்றிலை அடிமட்டும் போய்ப் பாருங்கோ. அந்தக் கதவிலை கேம் திரும்ப ஒருக்காக் கேக்கும், இனம், ராசி, கிளாஸ் மூண்டையும் மாத்தலாம். இருந்தால் முதல் ஒரு மணித்தியாலம் மிச்சம்.

கொக்குவில் பெடியன்:
இருக்குது அண்ணை!! அண்டைக்குக் கரண்ட் போகும் போகும் எண்டு பயந்து அந்தக் கதவிலை ஒரு சேவ் அடிச்சுப்போட்டு எழும்பினனான். லிஸ்ற்றிலை கடைசிக்கு முதல் கிடக்கு.

பருத்தித்துறைக் காத்து:
அதை இனி அழிக்காதேங்கோ, வேறை கிளாஸ் பாக்கேக்கையும் உதவும். இந்தப் பயமெல்லாம் பழைய கேமுகளிலைதான், 2011இல ஸ்கைரிம் வரேக்கை கிளாஸையே தூக்கிப்போட்டாங்கள், போல்டர்ஸ் கேற் 3இல 100 காசு குடுத்தால் விதர்ஸ் எண்டவன் கிளாஸையே மாத்தி விடுவான். 2025இல வந்த புது ஒப்லிவியனிலையும் இப்ப எல்லா ஸ்கில்லும் லெவலுக்குச் சேரும், 12 புள்ளி தந்து நீங்களே பிரிச்சுப் போடச் சொல்லும்.

கொக்குவில் பெடியன் (மூண்டு நாளைக்குப் பிறகு):
சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான். அக்கா சொன்ன அதே ஏழும்தான் போட்டனான். கிளாஸுக்குப் பேர் வைக்கச் சொல்லிக் கேட்டுது, இங்கிலிஸ் எழுத்திலை சாமக்காவல் எண்டு வச்சிருக்கிறன். என்டூரன்ஸை மட்டும் எண்ணினன், முதல் லெவலுக்கு 4, பிறகு ரெண்டு தரம் 5. லெவல் 4இல என்டூரன்ஸ் 69, உயிர் 150ஐத் தாண்டிட்டுது. பழைய ஆளுக்கு லெவல் 14இலையும் 132தான்.

க்வாட்ச் நேற்று முடிஞ்சுது. வாசலுக்குள்ளை போகேக்கை கை நடுங்கினது, ஆனால் அக்கா சொன்ன மாதிரி ஸ்காம்ப்தான் நிண்டுது. வெளியிலை வரேக்கை விடியப்புறம் ரெண்டு மணி, அம்மா எழும்பி வந்து லைற்றை நூத்திட்டா.

இண்டைக்கு அதே குகைக்குப் போனன். பூட்ஸைக் கழட்டிப்போட்டு மதிலோடை ஒட்டிக்கொண்டு போய் பின்னாலை ஒரு வெட்டு. கொப்ளின் திரும்பிப் பாக்கேல்லை, அப்பிடியே விழுந்துது. சுன்னாகம் அண்ணைக்கும் பருத்தித்துறை அண்ணைக்கும் வடலி அண்ணைக்கும் நன்றி. அக்கா, அடுத்தது மேஜ், மந்திரவாதி ஒண்டு செய்து பாக்க யோசிக்கிறன், அட்ரொனாக் ராசி எடுத்தால் மந்திர சக்தி தன்ர பாட்டிலை திரும்ப ஏறாது எண்டு கிடக்குது, அது முதல் தரம் மேஜ் எடுக்கிற ஆளுக்குச் சரிவருமோ?

கோண்டாவில் அக்கா:
வேண்டாம் தம்பி, மேஜ் ராசியை எடுங்கோ, மந்திர சக்தி 50 கூடத் தரும், இடைஞ்சல் ஒண்டும் இல்லை. அல்கெமியை இந்த முறை மேஜரிலை போடாதேங்கோ.