மறுமொழி: ‘டெக்பில்டிங் ரோக்லைக்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அண்ணாச்சிக்கும் குழுவிலுள்ள எல்லாருக்கும் வணக்கம்.

ஆடிக்கொண்டே சீட்டுக்கட்டை அமைத்துக்கொள்வதும் தோற்றால் முதலிலிருந்து தொடங்குவதுமான கணினி ஆட்ட வகையை ஆங்கிலத்தில் ‘டெக்பில்டிங் ரோக்லைக்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்காகப் போன வாரம் அண்ணாச்சி முன்வைத்த ‘முரடன்வகைச் சீட்டுக் கட்டும் ஆட்டம்’ என்ற சொல்லுக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், அப்புறம் நிறுத்திவிட்டு அந்த வகையைச் சேர்ந்த ‘ஸ்லே த ஸ்பயர்’ என்ற ஆட்டத்தை மறுபடி எடுத்து ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக ஆடிப் பார்த்தேன். பெயர் வைக்கப்போகும் ஆட்டத்தில் எது நன்றாக இருக்கிறது, எது படுத்துகிறது என்று ஆடித் தெரிந்துகொள்ளாமல் சொல் செய்தால் அது பட்டியலில் மட்டும்தான் கிடக்கும். அதனால் மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘சீட்டுக் கட்டும்’ என்பது. வடசேரி சந்தையில் நின்று ‘நான் சீட்டுக் கட்டுறேன்’ என்று சொன்னால் யாருக்கும் ஆட்டம் ஞாபகம் வராது. மாசம் எவ்வளவு, எத்தனை பேர் சேர்ந்திருக்கிறீர்கள், எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா எத்தனையோ வருசமாகச் சீட்டுக் கட்டுகிறார், அந்த வாக்கியத்தை அவரிடமிருந்து வாங்கி ஆட்டத்துக்குக் கொடுக்க முடியாது. டெக் என்பதற்குக் ‘கட்டு’ என்று வைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை, கடையில் சீட்டுக்கட்டு என்று கேட்டால் 52 சீட்டும் ஜோக்கருமாக எடுத்துத் தருகிறார்கள். அதை வினையாக்கும்போதுதான் பொருள் மாசச்சீட்டுப் பக்கம் போய்விடுகிறது.

‘முரடன்’ அதைவிடப் பெரிய சிக்கல். ரோக்லைக் என்பதில் உள்ள ரோக் ஒரு குணத்தைக் குறிக்கவில்லை, அது ஓர் ஆட்டத்தின் பெயர். 1980 வாக்கில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு பேர் கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்தபோது யூனிக்ஸ் கணினிக்காக எழுதியது, கென் ஆர்னால்டு பின்னால் சேர்ந்துகொண்டார். படம் எதுவும் கிடையாது. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் அந்தச் சுழிக்குறிதான் வீரன், ஆங்கிலப் பெரிய எழுத்து 26உம்தான் பூதங்கள். ஒவ்வொரு தடவையும் நிலவறை புதிதாக அமையும், செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2008இல் பெர்லினில் கூடிய ஆர்வலர்கள் இந்த வகைக்கு ஓர் இலக்கணம் எழுதினார்கள், கட்டம்போட்ட தரையில் முறைவைத்து நகர்வதும் அதில் உண்டு. ஸ்லே த ஸ்பயரில் நடக்கத் தரையே இல்லை, ஆகவே அந்த இலக்கணத்துக்குள் அது முழுதாக அடங்காது. ஆனாலும் புதிதாக அமைவது, ஒரே உயிர் என்ற இரண்டு குணமும் அப்படியே இருக்கின்றன. நமக்கு வேண்டிய சொல் இந்த இரண்டையும் சொன்னால் போதும், முரட்டுத்தனத்தைத் தேடிப் போக வேண்டாம்.

எனக்குத் தோன்றியது ‘மீளோட்டம்’. தொடக்கத்திலிருந்து முடிகிறவரை ஒரு தடவை ஆடுவதை ஆடுகிறவர்கள் ‘ரன்’ என்று சொல்வதற்கு ஓட்டம் என்றுதான் என் வாயில் வந்தது, நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஓட்டம் என்றவுடன் சிவாலய ஓட்டம் ஞாபகம் வராமல் இருக்காது. சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திக்குறிச்சி, திற்பரப்பு என்று 12 கோயிலும் கடந்து திருநட்டாலத்தில் முடிகிறவரை ‘கோவிந்தா கோபாலா’ என்று சொல்லிக்கொண்டே பனையோலை விசிறியோடு போவார்களே, அதில் பாதி ஓடிவிட்டு மீதியை அடுத்த மாசம் ஓடுகிறேன் என்று சொல்ல முடியாது. தொடக்கம், இடையில் தங்குமிடங்கள், ஒரு முடிவு, எல்லாம் ஒரே மூச்சு. ஸ்பயரிலும் அப்படித்தான்: 3 அங்கம், அங்கத்துக்கு 15 தளம், அதன் உச்சியில் ஒரு பெரும்பகை. தோற்றால் கையிலிருந்ததெல்லாம் போய்விடும், திரும்பக் கீழேயிருந்து இன்னோர் ஓட்டம். அதனால் மீள் ஓட்டம், மீளோட்டம். ‘பெர்மாடெத்’துக்கு நிரந்தர மரணம் என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார், உலகத்தில் எந்த மரணம்தான் நிரந்தரமில்லை? ‘ஒற்றையுயிர்’ போதும் என்று நினைக்கிறேன்.

ரோக்லைட் என்று ஒன்று தனியாக உண்டு, செத்த பிறகும் காசோ பலமோ கொஞ்சம் மிஞ்சி அடுத்த ஓட்டத்துக்கு வரும். அதற்குக் ‘கைம்முதல் மீளோட்டம்’ என்று வைக்கலாம். ஸ்பயர் இதில் சேராது. ஆட ஆடப் புதுச் சீட்டுகள் திறக்கும், ஆனால் வீரனுக்கு ஒரு பலமும் கூடாது, கூடுவதெல்லாம் ஆடுகிறவனுடைய அறிவு மட்டுந்தான்.

சரி, இப்போது சீட்டு. இந்த ஆட்டத்தின் பெரிய நல்ல குணம் இங்கேதான் இருக்கிறது. அயர்ன்கிளாட் என்ற வீரன் 10 சீட்டோடு தொடங்குகிறான்: 5 வெட்டு, 4 தடுப்பு, ஒரு மோதல். ஒவ்வொரு முறைக்கும் 5 சீட்டு கைக்கு வரும், செலவழிக்க 3 ஆற்றல். சண்டை முடிந்ததும் 3 சீட்டைக் காட்டி ஒன்றை எடுக்கிறாயா என்று கேட்கும். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாவற்றையும் எடுப்பார்கள், நானும் எடுத்தேன். தக்கலையில் இருக்கும் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “எடுக்காதிய மாமா, கட்டு வீங்கிரும்” என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவன் சொன்னது சரி. 10 சீட்டு இருந்தால் இரண்டு முறையில் எல்லாம் கைக்கு வந்துவிடும். 30 ஆகிவிட்டால் நல்ல சீட்டு ஒன்றைப் பார்க்க ஆறு முறைகூடக் காத்திருக்க நேரும், அதற்குள் உயிர் இருக்காது. ஆட்டத்துக்குள் வரும் கடையில் ஒரு சீட்டைத் தூக்கி எறிவதற்கு ஆட்டக் காசு 75 கேட்கிறார்கள், அடுத்த தடவை 100, அதையும் கொடுத்து எறிகிறோம். அதாவது பில்டிங் என்று ஆங்கிலத்தில் பெயர் இருக்கிறதே தவிர உள்ளே நடப்பது பாதிக்குமேல் கழித்தல்தான். குழுவில் வந்த ‘கட்டு வளர்ப்பு’, ‘சீட்டுச் சேர்ப்பு’ என்ற இரண்டு பரிந்துரையையும் நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். பெயரைப் பார்த்து ஒரு பிள்ளை ஆடப் போனால் முதல் ஓட்டத்திலேயே அந்தப் பெயர் அவனைத் தவறாக நடத்திவிடும்.

தோவாளையில் பூக் கட்டுகிறவர்களைப் பாருங்கள். கூடையிலிருப்பதெல்லாம் மாலைக்குள் போவதில்லை, வாடினதும் பருவம் தப்பினதும் கீழே விழுந்துகொண்டே இருக்கும், எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எது என்பதில்தான் வேலை. அந்தப் பொருள் வரத் ‘தொடுப்பு’ என்று வைக்கலாமா என்று யோசித்தேன், நம் பக்கத்தில் அதற்கு ஆண் பெண் விவகாரத்தில் வேறு பொருள் இருப்பதால் விட்டுவிட்டேன். கோத்தல் என்பதிலிருந்து ‘சீட்டுக்கோவை’ என்பதே என் பரிந்துரை. இன்னொன்று, 1993இல் வந்த மேஜிக் என்ற சீட்டாட்டம் மாதிரி ஆட்டங்களில் கட்டை வீட்டிலேயே அமைத்துக்கொண்டு வந்து ஆடுவார்கள். ஆடிக்கொண்டே அமைப்பது என்பது 2008இல் டொமினியன் என்ற சீட்டாட்டம் வந்தபோது பரவியது, ஸ்பயர் அந்த வழி. நம் சொல் இந்த இரண்டாவதைத்தான் குறிக்க வேண்டும்.

எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை அவன் தலைக்கு மேலேயே காட்டிவிடுவது இன்னொரு நல்ல குணம், அடி என்றால் எத்தனை என்ற எண்ணோடு. இதை ‘குறிப்பு’ என்று சொல்லலாம், வேறு சொல் தேவையில்லை. ரம்மியில் எதிராளி கை மறைவு, இங்கே திறந்த கை. தோற்றால் எங்கே பிசகினோம் என்று பெரும்பாலும் நமக்கே தெரியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் அங்கத்தில் கிரெம்லின் நாப் என்று ஒருவன் வருகிறான், நாம் தாக்காமல் தடுப்பு மாதிரித் திறன்சீட்டு போடும்போதெல்லாம் அவனுக்குப் பலம் ஏறும். தடுத்துத் தடுத்துப் பழகியவன் அங்கேயே விழுவான். டைம் ஈட்டர் என்ற பெரும்பகை, நாம் 12 சீட்டு போட்டதும் நம் முறையை முடித்துவிடும். சின்னச் சின்னச் சீட்டாகக் கோத்து வைத்தவனுக்கு ஒரு மணி நேரத்து உழைப்பு அங்கே கரைந்துபோகும். இவற்றை ஆட்டத்தின் ஆழம் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அது பாதிதான் சரி. ஓட்டம் தோற்றுவிட்டது என்று இரண்டாம் அங்கத்திலேயே தெரிந்த பிறகும் சும்மா ஏறிக்கொண்டிருக்கும் அரைமணி நேரம் உண்மையிலேயே அலுப்பு. முதல் அங்கத்துப் பெரும்பகை எப்போதும் அதே மூன்றில் ஒன்றுதான். கதையும் மெலிவு, நான்கு பேரில் யாராக ஆடினாலும் அவர்கள் யார் என்று மனசில் நிற்பதில்லை, நிற்பது அவர்களுடைய சீட்டுதான். அதனால் இந்த ஆட்டத்துக்குப் ‘பாத்திரமேற்பு’ என்ற அடைமொழியைச் சேர்க்க வேண்டாம் என்பேன்.

கடைசியாக ரெலிக். ‘திருப்பண்டம்’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். கோட்டாறு மறைமாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது புனிதர்களின் உடல் எச்சம், பீடத்தில் வைத்து வணங்குவது. இங்கே வருவது நங்கூரம், விளக்கு, வச்சிரம் மாதிரிப் பொருள்கள். கூட வைத்திருந்தால் பலம் தரும், அவ்வளவுதான். ‘தாயத்து’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து

—

அண்ணாச்சியின் மறுமொழி:

தம்பி, மாசச்சீட்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ரோக் என்பது ஆட்டத்தின் பெயர் என்பதும் சரி.

மீளோட்டத்தில் ஒரே ஒரு தயக்கம். சிவாலய ஓட்டத்தில் வருசா வருசம் அதே பாதை, அதே 12 கோயில். நீங்கள் சொல்லும் ஆட்டத்திலோ பாதை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. அந்த மாற்றம் சொல்லில் எங்கே இருக்கிறது?

சீட்டுக்கோவையை என்னால் ஏற்க முடியவில்லை. பேருந்தில் கோவை என்று எழுதியிருந்தால் எல்லாருக்கும் அது ஊர்தான். கோத்தல் வேண்டும் என்றால் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிற ஒரு சொல்லைப் பாருங்கள்: கட்டுக்கோப்பு. ஒரு குடும்பமோ படையோ கட்டுக்கோப்பாக இருக்கிறது என்றால் வேண்டாத ஆள் இல்லை, இருக்கிற ஆள் ஒருவருக்கொருவர் துணை என்று பொருள். நீங்கள் பூக்கூடையை வைத்துச் சொன்னது முழுக்க அதற்குள் இருக்கிறது.

—

அண்ணாச்சி, கட்டுக்கோப்பு என்ற சொல்லைப் படித்ததும் இத்தனை நாள் இது கண்ணில் படவில்லையே என்றிருந்தது. கட்டு அதிலேயே இருக்கிறது, கோப்பும் இருக்கிறது, வீங்கின கட்டைப் பார்த்துக் ‘கட்டுக்கோப்பு இல்லை’ என்று அப்படியே சொல்லலாம். கோவையை விட்டுவிட்டேன். பழைய பொருளோடு குழம்பாதா என்று யாராவது கேட்டால், அந்தப் பழைய பொருள்தான் ஆடுகிறவனுக்கு வழி காட்டுகிறது என்று நான் பதில் சொல்வேன்.

பாதை மாறுவது மீளோட்டத்தில் இல்லை என்பது உண்மை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்த்தேன், ‘புதுவழி மீளோட்டம்’ என்று நீண்டுபோகிறது, பேச்சில் நிற்காது. பாதை அமையும் முறைக்குத் தனியாகத் ‘தன்னமைவு’ என்று ஒரு பதிவு போட்டு, மீளோட்டத்தின் விளக்கத்தில் அதைச் சேர்த்துவிடுவோம்.

இப்போதைக்குப் பட்டியலில் ஏற்றுவது: மீளோட்டம், கைம்முதல் மீளோட்டம், தன்னமைவு, ஒற்றையுயிர், ஓட்டம், கட்டு, கட்டுக்கோப்பு ஆட்டம், குறிப்பு, தாயத்து. எடுக்கிற கட்டுக்கும் கழித்த கட்டுக்கும் ‘எடுகட்டு’, ‘கழிகட்டு’ என்று அக்கா மகன் சொல்கிறான், எனக்குப் பிடித்திருக்கிறது. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று ராத்திரி ஏற்றிவிடுகிறேன்.