புதுப்பிப்பு: தம்பியின் தஞ்ச மேன்முறையீட்டுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது

பிரித்தானியாவில் தம்பியின் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதையும், மேன்முறையீடு செய்ய 14 நாட்களே இருந்ததையும் பற்றி முன்பு எழுதியிருந்தேன். உரிய காலத்துக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்தோம்; மேன்முறையீடு ஏற்கப்பட்டதாக எழுத்துமூலத் தீர்ப்பு கடந்த வாரம் கிடைத்தது.

நிராகரிப்புக் கடிதம் இரண்டு காரணங்களைச் சொல்லியிருந்தது: இலங்கையில் தடுப்புக்காவலில் இருந்தது பற்றி அவன் கூறிய திகதிகள் இரு நேர்காணல்களிலும் பொருந்தவில்லை, இலண்டன் ஆர்ப்பாட்டங்களில் அவன் கூட்டத்தோடு நின்ற ஒருவன் மட்டுமே. முதலாவதற்கு, இஸ்தான்புல் நெறிமுறையின்படி (சித்திரவதைத் தடயங்களை ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. வழிகாட்டி) தழும்புகளைப் பரிசோதித்த மருத்துவரின் அறிக்கையும், திகதிகள் ஏன் குழம்பின என்பதை விளக்கிய உளவியல் அறிக்கையும் துணைநின்றன. இரண்டாவதற்கு, இலங்கை தொடர்பாக மேல் தீர்ப்பாயம் 2021 மே மாதத்தில் வழங்கிய வழிகாட்டித் தீர்ப்பையே (அந்நாட்டவரின் மற்ற வழக்குகளிலும் பின்பற்றப்படும் தீர்ப்பு) எங்கள் சட்டத்தரணி முன்வைத்தார். ஆர்ப்பாட்டத்தில் நின்றாலே நாடு திரும்பும்போது ஆபத்து என்று அத்தீர்ப்பு கூறவில்லை (நம்மவர் பலர் இதைத் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள்). எந்த அமைப்புடன், எத்தகைய பங்கில், எவ்வளவு காலம் செயற்பட்டார் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறது. ஆகவே, ஒளிப்படங்களைக் குவித்ததைவிட, அவன் ஒழுங்குசெய்த கூட்டங்களின் பதிவுகளையும், உடன் செயற்பட்ட இருவரின் நேரடிச் சாட்சியத்தையும் கொடுத்ததே பயனளித்தது என்று நினைக்கிறேன்.

எதிர்த்தரப்பான உள்துறை அமைச்சு மேல் தீர்ப்பாயம் செல்ல அனுமதி கோருவதற்கு 14 நாட்கள் உண்டு. அதையும் சட்டத் தவறு இருப்பதாகக் காட்டியே கோர முடியும். அந்தக் கெடு முடியும்வரை யாருக்கும் இனிப்புக் கொடுக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.