மாடல் தேர்வில் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்த அனுபவம் யாருக்காவது உண்டா?

சிப்புட் பொண்ணு:
தீபாவளிச் சேலை விளம்பரத்துக்கு மாடல் தேடுகிறார்கள் என்று ஈப்போவில் ஒரு கடைக்குப் போனேன். ஆள் எடுப்பது எப்படி என்று தெரியும்தானே, வரிசை, நம்பர், நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். அதெல்லாம் சரி. அப்புறம் எடை மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஏறி நின்றேன். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணிக்குச் சொல்வார்களே, அந்தக் குரலில் அந்த அம்மா, கடைக்கோடியில் எழுதிக்கொண்டிருந்த பையனுக்கு "அறுபத்தொண்ணு!" என்று கத்தினார். சேலை வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அதில் ஒருவர் எங்கள் தோட்டத்து மண்டோரின், அதாவது கங்காணியின், மனைவி. "நாப்பத்தெட்டு ஆகிட்டு வா, முகம் நல்லாருக்கு" என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். என் உயரம் 165 செ.மீ. நான் பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் லயம் முழுக்க என் எடை தெரிந்துவிட்டது.

லென்ஸ் மணி:
தங்கச்சி, கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் பாருங்க. சாம்பிள் ரவிக்கை எல்லாம் 32 அளவில் முன்கூட்டியே தைத்து வந்துவிடும். ஆளுக்கு ஆள் தைக்க நேரம் ஏது? ஒரு ஷூட்டில் கொக்கியே மாட்டவில்லை. முதுகை முந்தானையால் மூடி, முன்பக்கம் மட்டும் எடுத்து முடித்தோம்.

மேக்கப் செல்வி:
கொக்கி மாட்டாமலே படம் எடுத்தீங்கதானே அண்ணே, அப்புறம் எடை எதுக்கு? நான் புடவை கட்டிவிடப் போகிறவள். கோலகங்சார் டேவானில், அதாவது மண்டபத்தில், ஓர் அழகிப் போட்டி. ஒரு பிள்ளைக்குக் கொசுவம் நிற்கவே இல்லை. பாவாடை நாடாவை எவ்வளவு இறுக்கினாலும் இடுப்பெலும்பில் வழுக்கி இறங்கியது. கையைத் தூக்கச் சொன்னேன், தோளிலிருந்து முழங்கை வரை மெல்லிய பூனைமுடி. ஏர்கான் வேலை செய்யாத டேவான், எங்களுக்கெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது, அவள் விரல் மட்டும் சில்லிட்டிருந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால் கோப்பி ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத வெறும் காப்பி. முதல் பரிசு அவளுக்குத்தான். கிரீடத்துக்குப் பின் குத்தியதும் நான்தான்.

ஓய்வு நர்ஸ்:
உடம்பில் கொழுப்பு கரைந்தால் சூடு காக்க அப்படி முடி முளைக்கும். மாதவிலக்கு நின்றிருக்குமே, கேட்டீங்களா செல்வி? நின்றால் எலும்பு பலமிழக்கும். வாந்தி எடுத்தும் பேதி மாத்திரை போட்டும் இளைக்கிறவர்களுக்குப் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகும். 2006இல் உருகுவே மாடல் லூயிசல் ராமோஸ் ஷோ நடக்கும்போதே செத்தார். அதே வருஷம் பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டன், வயது 21. மாட்ரிட் பேஷன் வீக்கில் பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் கணக்கு) 18க்குக் கீழே இருந்தால் மேடை கிடையாது என்றதும் அந்த வருஷம்தான். பிரான்சில் 2017 முதல் மாடலுக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும். மணி, அங்கேயும் சாம்பிள் துணி இருக்கிறது. சிப்புட் பொண்ணுக்குக் கணக்குப் போட்டேன், 22.4. ஆசியர்களுக்கு 23க்குள் இருந்தால் சரி. அவர்கள் கேட்ட 48க்கு இறங்கினால் 17.6, மாட்ரிட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்! சரி, நீ காலையில் ரெண்டு தோசை, ஒரு முட்டை சாப்பிடு. பத்து மணிக்குப் பப்பாளி. தே தாரிக் டீயில் சூசுவை, அதான் பாலை, குறை. நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, வாரம் ஒரு தடவை போதும். சாயங்காலம் பந்துத் திடலைச் சுற்றி நட, ராத்திரி எட்டு மணிக்கு மேல் சோறு தொடாதே.

சிப்புட் பொண்ணு:
22.4 சரி என்று நீங்களே சொல்லிட்டு எனக்கு எதுக்கு டயட் அக்கா?

மேக்கப் செல்வி:
கேட்டேன் நர்ஸ் அக்கா. "நின்னுபோய் ரொம்ப நாளாச்சு, ஷூட் நேரத்துல தொல்லை இல்ல"ன்னு சிரிச்சா. அவள் அம்மாவிடம் சொன்னால், "பரிசு வாங்குன பிள்ளைமேல கண்ணு வைக்காதீங்க" என்கிறார்.