குத்தகை ரத்து தேடினால் ரத்த வங்கி வருகிறது: நட்சத்திரக் குறியை எங்கே போடுவது?

ஏடுதேடி:
வணக்கம். ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிய பழைய கோப்புகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. எல்லாம் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் ஏற்றியாகிவிட்டது. தேடல் பெட்டியில் லூசீன் (அதற்குள் இருக்கும் தேடல் நிரல்) குறிகள் வேலை செய்யும் என்றார்கள்.

எனக்கு வேண்டியவை 1985 முதல் 1995 வரை நிலக் குத்தகை ரத்தான கோப்புகள். குறி எதுவும் இல்லாமல் மூன்று சொல்லை அடித்தால் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறது. பாதியில் குத்தகை என்ற பேச்சே இல்லை. சரி என்று இப்படிப் போட்டேன் (|| என்றால் 'அல்லது', && என்றால் 'மற்றும்', நட்சத்திரம் என்றால் பிறகு எது வந்தாலும் சரி):

நில* || குத்தகை* && ரத்த*

ரத்த வங்கிக் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்த கோப்பு முதலில் நிற்கிறது. நிலமும் ரத்தும் இருக்கிற, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கோப்பு வரவே இல்லை. கோப்பு எண் 112/87 என்று தேடினால் பிழைச் செய்தி. எங்கே இடிக்கிறது?

வழிப்போக்கன்:
மேற்கோள் குறிக்குள் போடுங்கள், "குத்தகை ரத்து" என்று. தீர்ந்தது.

சொல்லடுக்கு:
தீராது நண்பரே. அப்படிப் போட்டால் இரண்டு சொல்லும் ஒட்டி நிற்கிற இடம் மட்டும்தான் வரும். "குத்தகையை உடனடியாக ரத்து செய்து" என்று எழுதிய கோப்பு போய்விடும். அலுவலகத் தமிழில் யார் ஒட்டி எழுதுகிறார்கள்?

ஏடுதேடி, முதலில் அந்த வராத கோப்பு. பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி && முதலில், || பிறகு என்று லூசீன் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் "கட்டாயம்", "இருந்தால் நல்லது", "கூடாது" என்று ஒரு முத்திரை குத்தும், அவ்வளவுதான். நீங்கள் எழுதியதை அது இப்படிப் படிக்கும்:

நில* +குத்தகை* +ரத்த*

குத்தகையும் ரத்தும் கட்டாயம், நிலம் இருந்தால் நல்லது. உங்கள் கோப்பில் குத்தகை என்ற சொல் இல்லாமல் இருக்கும், அதான் விழுந்துவிட்டது. இரண்டையும் கலக்கும்போது அடைப்புக்குறி இல்லாமல் எழுதவே எழுதாதீர்கள். நான் && பக்கமே போவதில்லை; கூட்டல் குறியும் (கட்டாயம்) கழித்தல் குறியும் (கூடாது) போதும், படிக்கும்போதே என்ன நடக்கும் என்று தெரியும்.

அடுத்தது நட்சத்திரம். தமிழில் தேடுகிறவர்கள் எல்லாரும் வழுக்குகிற இடம் இது. நட்சத்திரத்துக்குச் சொல்லும் தெரியாது, நாம் கண்ணால் பார்க்கிற எழுத்தும் தெரியாது. கணினி எழுத்தைச் சேமிக்கிற யூனிகோட் குறிகளைத்தான் ஒப்பிடும். "நிலம்" அதற்கு ந, ி, ல, ம, புள்ளி என்று ஐந்து குறி. நீங்கள் நில* என்றால் நிலை, நிலா, நிலவரம், நிலுவை எல்லாம் உள்ளே. நிலம்* என்றால் நிலத்தை வராது, நிலமும் கூட வராது, ஏனென்றால் அங்கே புள்ளி இல்லை, உகரக் கொம்பு இருக்கிறது. அதனால் புள்ளியை மட்டும் அழித்துவிட்டு நிலம* என்று போடுங்கள். நிலம், நிலமும், நிலமாக மூன்றும் சிக்கும். வேற்றுமைக்கு நிலத்த*, பன்மைக்கு நிலங்க*. "நிலக் குத்தகை" என்று பிரித்து எழுதியிருந்தால் நிலக் தனிச் சொல்லாக ஏறியிருக்கும். அதற்கு நட்சத்திரம் வேண்டாம், போட்டால் நிலக்கரியும் நிலக்கடலையும் வந்து உட்காரும்.

ரத்துக்கும் இதே கதைதான். ரத்த* போட்டால் ரத்தம் வராமல் என்ன செய்யும்! ரத்து*, ரத்தா* என்று இரண்டாகப் பிரியுங்கள். பழைய கோப்புகளில் இகரம் சேர்த்து "இரத்து" என்றும் இருக்கும்.

+(குத்தகை* நிலக்குத்தகை*) +(ரத்து* ரத்தா* இரத்து* இரத்தா*) +ஆண்டு:(+>=1985 +<=1995) நிலக் நிலம* நிலத்த* நிலங்க*

நிலத்துக்கு வேண்டுமென்றேதான் கூட்டல் குறி போடவில்லை. இருந்தால் கோப்பு மேலே ஏறும். "மேற்படி இடம்" என்று மட்டும் எழுதிய கோப்பும் விடுபடாது. குத்தகை இல்லாத உங்கள் அந்தக் கோப்பு வேண்டுமென்றால், முதல் அடைப்புக்குள் அதில் இருக்கிற சொல்லை, "உரிமம்" மாதிரி ஏதாவது, சேர்த்துக்கொள்ளுங்கள். "ஆண்டு" என்பது உங்கள் தளத்தில் என்ன புலப்பெயரோ (ஆண்டு, தலைப்பு மாதிரி விவரப் பகுதியின் பெயர்) அது. அப்புறம், புலப்பெயர் அடுத்த ஒரே சொல்லுக்குத்தான் செல்லும். தலைப்பு:குத்தகை ரத்து என்றால் ரத்து தலைப்பில் தேடப்படாது, அடைப்புக்குள் வையுங்கள்.

112/87 சின்ன விஷயம். சாய்கோடு அங்கே ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் முறை) தொடங்கும் குறி. தொடங்கியது முடியவில்லையே என்று கத்துகிறது. "112/87" என்று மேற்கோளுக்குள் போட்டால் சத்தமில்லாமல் தேடும்.

ஏடுதேடி:
மிக்க நன்றி சார், பட்டியல் ஒரே தடவையில் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் நீளமான கோப்புகளில் குத்தகை முதல் பக்கத்திலும் ரத்து கடைசிப் பக்கத்திலும் இருக்கிறது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. "குத்தகை* ரத்து*"~8 போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று: "தொகை" என்ற சொல் திரையில் கண்ணெதிரே தெரிகிற சில கோப்புகள் தேடலில் வருவதே இல்லை.

சொல்லடுக்கு:
மேற்கோளுக்குள் நட்சத்திரம் வேலை செய்யாது, அதை வெறும் நிறுத்தக்குறியாக நினைத்துத் தூக்கிப்போட்டுவிடும். உருபேற்ற வடிவங்களை நீங்களே எழுத வேண்டியதுதான்:

"குத்தகை ரத்து"~8 "குத்தகையை ரத்து"~8 "குத்தகையினை ரத்து"~8

இந்த 8 என்பது சொற்களை எத்தனை இடம் நகர்த்தலாம் என்ற கணக்கு. வரிசை மாறினாலும் ஒத்துக்கொள்ளும், ஆனால் கூடுதலாகச் செலவாகும்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சொல் இடம் மாறினால் 2, "ரத்து செய்யப்பட்ட குத்தகை" என்றால் 3. ஐந்துக்குக் கீழே நான் வைப்பதில்லை. இருபதுக்கு மேல் போனால் அடுத்த பத்தியே உள்ளே வந்துவிடும்.

புள்ளிமயில்:
தொகைக்கு நான் சொல்கிறேன். ஒகர உயிர்மெய்யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. பழைய எழுத்துரு மாற்றிகள் பல இரண்டாவது விதத்தில்தான் தள்ளும். ஓகாரம், ஔகாரத்துக்கும் இதே வியாதி உண்டு. த*கை என்று தேடினால் இரண்டு வடிவமும் கிடைக்கும், கூடவே தங்கையும் வருவார். நிலையான வழி, ஐசியு நார்மலைசரை (இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் கருவி) சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி இண்டெக்ஸ் செய்வது, அதாவது தேடல் அட்டவணையில் ஏற்றுவது. உங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள்.

சொல்லடுக்கு:
ஆமாம், அதை முதலில் செய்யுங்கள். ஸ்கேன் கோப்பு என்பதால் இன்னொன்றும் உண்டு: துணைக்கால் பல இடத்தில் ரகரமாக விழுந்திருக்கும். அதற்கு சொல்லின் கடைசியில் ~1 அல்லது ~2, அத்தனை குறி மாறியிருந்தாலும் பரவாயில்லை என்று பொருள். இரண்டுக்கு மேல் லூசீன் ஒத்துக்கொள்ளாது. ராஜினாமா மாதிரி மூன்று கால் உள்ள சொல்லில் மூன்றுமே கெட்டிருந்தால் ~2 கூடக் காப்பாற்றாது. சின்னச் சொற்களுக்கு இதைப் போடாதீர்கள், கண்டதெல்லாம் வரும்.

ஏடுதேடி:
"உள்குத்தகை" பிடிக்க *குத்தகை* போடலாமா?

சொல்லடுக்கு:
போடலாம், ஆனால் மெதுவாக இருக்கும். இண்டெக்ஸில் சொற்கள் அகர வரிசையில் இருக்கின்றன. முதலெழுத்து தெரியாவிட்டால் மொத்தத்தையும் புரட்ட வேண்டும். சில தளங்களில் அடைத்தே வைத்திருப்பார்கள். உள்குத்தகை* என்று தனியாகச் சேர்த்துவிடுங்கள்.