சாப்பாட்டு மேசைக்குத் தனிக்கழுந்து தாங்குமா?

ஈசூன் உளி:
சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில், மூன்று பேர் நின்றால் நான்காமவர் வெளியே நிற்க வேண்டிய ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். சென்ற வாரம் பழுதுபார்க்க வந்த தேக்குச் சாப்பாட்டு மேசையைப் பிரித்தபோது எனக்குக் கோபமே வந்தது. மேல்பலகை நடுவில் நெடுக வெடித்திருந்தது. நான்கு கால்களும் ஆடின. கால்களை இணைக்கும் சட்டத்தின் முனையிலேயே கழுந்து, அதாவது நீட்டிய நாக்கு, அறுத்து, அது நுழையக் காலில் பொளி என்ற குழி கொத்திச் சேர்ப்பதற்குப் பதிலாக, இரு பக்கமும் இயந்திரத்தால் பொளி துளைத்து, இடையே தனிக்கழுந்து எனப்படும் தனித்துண்டு ஒன்றைச் செருகிப் பசையிட்டிருந்தார்கள். 75 மில்லிமீட்டர் கனமுள்ள காலுக்குள் அந்தத் துண்டு 25 மில்லிமீட்டர்தான் போயிருந்தது. நாள்தோறும் இழுத்து நகர்த்தப்படும் மேசைக்குத் தனிக்கழுந்து கூடவே கூடாது என்பது என் முடிவு.

நாலாம்மாடித் தச்சன்:
ஐயா, பலகை வெடித்ததற்கும் கால் ஆடியதற்கும் ஒரே குற்றவாளியைப் பிடித்திருக்கிறீர்கள். வெடிப்புக்கும் கழுந்துக்கும் தொடர்பே இல்லை. சன்னல் திறந்த வீட்டில் நம் ஊர் ஈரக்காற்றுக்குத் தேக்கின் ஈரப்பதம் ஏறத்தாழ 15 விழுக்காட்டில் நிற்கும். நாள் முழுவதும் குளிரூட்டி ஓடும் அறையில் அது 11 வரை இறங்கும். ஒரு விழுக்காடு இறங்கினால், வட்டவரிகளுக்கு இணையாக அறுத்த தேக்குப் பலகை தன் அகலத்தில் ஏறத்தாழ 0.2 விழுக்காடு சுருங்கும். 900 மில்லிமீட்டர் அகலப் பலகை நான்கு விழுக்காட்டுக்கு ஏழு மில்லிமீட்டர் சுருங்க வேண்டும். அதைச் சட்டத்தோடு அசையாமல் முடுக்கியிருந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

தனிக்கழுந்து நேற்று வந்த குறுக்குவழியும் அன்று. துருக்கிக் கடலடியில் கிடைத்த உளுபுருன் கப்பலின் பலகைகள், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, தனிக்கழுந்துகளால்தான் இணைக்கப்பட்டிருந்தன. மேலும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில் வேலை செய்யும் என்னைப் போன்றவர் கொட்டாப்புளியால் ஒரு மணி நேரம் பொளி அடித்தால், கீழ்வீட்டுப் பாட்டி மேலேறி வந்துவிடுவார். இயந்திரம் ஒரு பொளியை அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறது.

பாசிர் ரிஸ் மலர்:
ஒரு சிறு கேள்வி. எங்கள் வீட்டைப் போலப் பல வீடுகளில் குளிரூட்டி படுக்கையறையில், அதுவும் இரவில் மட்டும்தான் ஓடும். சாப்பாட்டு மேசை கிடப்பதோ கூடத்தில். அப்படியானால் இந்த ஏழு மில்லிமீட்டர் கணக்கு பொருந்துமா?

ஈசூன் உளி:
நல்ல கேள்வி, மலர். இந்த மேசை நாள் முழுவதும் குளிரூட்டி ஓடும் ஒரு கூடத்தில் கிடந்தது என்று உரிமையாளர் சொன்னார்; ஆகவே பொருந்தும். பலகையைத் திருகால் இறுக முடுக்கியிருந்ததையும் இன்று பார்த்தேன். வெடிப்பைப் பொறுத்தவரை தம்பி சொன்னது சரி.

கப்பல் கதையில் மட்டும் தம்பி பாதியை விட்டுவிட்டார். உளுபுருன் கப்பலின் கழுந்துகள் வெறுமனே செருகப்பட்டவை அல்ல. இரு பலகைகளிலும் துளையிட்டு, கழுந்தின் ஊடே மரஆணி அடித்துப் பூட்டப்பட்டவை. பசையை நம்பி ஒருவனும் கடலுக்குள் போகவில்லை. என் சண்டையும் அதுவேதான்: பசை விட்டுப்போன நாளிலும் இணைப்பு நிற்க வேண்டும்.

நாலாம்மாடித் தச்சன்:
மரஆணியை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆனால் மரஆணி தனிக்கழுந்தையும் பூட்டும் என்பதற்குத்தானே அந்தக் கப்பலே சாட்சி? நீங்கள் பிரித்த மேசையின் குறை ஆழக் குறைவு. தனிக்கழுந்துக்குப் பொளி துளைக்கும் டோமினோ இயந்திரத்தின் சிறிய வகை 28 மில்லிமீட்டருக்கு மேல் துளைக்காது. பெரிய வகைக்கு 140 மில்லிமீட்டர் நீளக் கழுந்துகள் கிடைக்கின்றன. நாற்காலிக்குப் போதுமான சிறியதை மேசைக்குப் பயன்படுத்தியவரைக் குறை சொல்லுங்கள், முறையைச் சொல்லாதீர்கள். மரத்தின் நார் ரேகை நீளவாக்கில் ஒன்றோடொன்று ஒட்டும் இடத்தில் நல்ல மரப்பசை மரத்தைவிட உறுதியாகப் பிடிக்கும். தேக்கின் எண்ணெய் மேலே படிவதற்கு முன், புதிதாகச் சீவிய முகத்தில் உடனே ஒட்டினால் போதும்.

ஈசூன் உளி:
அந்த "உடனே"தான் பட்டறைகளில் நடப்பதில்லை. காலையில் துளைத்ததை மாலையில் ஒட்டுகிறார்கள். புதிதாகச் செய்யும் மேசைக்கு நான் சட்டத்திலேயே கழுந்து அறுப்பேன், அதில் மாற்றமில்லை.

இந்த மேசையைச் சரிசெய்வதில்தான் மாட்டிக்கொண்டேன். சட்டங்களை ஏற்கெனவே கால்களுக்கு இடைப்பட்ட அளவுக்கு அறுத்துவிட்டார்கள். இனி அவற்றின் முனையில் கழுந்து அறுத்தால் மேசை நீளத்திலும் அகலத்திலும் நூறு மில்லிமீட்டர் குறுகும். ஆகவே, காலுக்குள் 50, சட்டத்துக்குள் 60 மில்லிமீட்டர் போகுமாறு வைரம் பாய்ந்த செங்கால் என்னும் கடின மரத்தில் தனிக்கழுந்துகளை நானே சீவி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மரஆணி அடித்திருக்கிறேன். பலகையைத் திருகு நகர இடம் தரும் நீள்துளைகளால் பிடித்தாயிற்று. தம்பி, சிரிக்க வேண்டாம்.