மிஸ்டரில் கமடோர் 64 திறந்தால் மட்டும் மானிட்டர் கறுப்பாகிறது, உதவுங்கள்

பழையபெட்டி:
வணக்கம். டிஇ10-நானோ போர்டில் மிஸ்டர் (பழைய கணினிகளையும் கேம் பெட்டிகளையும் சிப்பில் மறுபடி உருவாக்கும் அமைப்பு) ஓட்டுகிறேன். எச்டிஎம்ஐ கேபிள் நேராக 24 அங்குல மானிட்டருக்குப் போகிறது. மெனுவும் எஸ்என்இஎஸ் கேம் பெட்டியும் பளிச்சென்று தெரிகின்றன. கமடோர் 64 என்ற பழைய கணினியைத் திறந்தால்தான் வம்பு: கறுப்புத் திரையில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' பெட்டி மிதக்கிறது. போர்டில் மாட்டிய ஸ்பீக்கரில் சத்தம் மட்டும் ஒழுங்காக வருகிறது. கேபிள் மாற்றியும் பலனில்லை. அமைப்புகளில் வீடியோ மோட் 8 (1080பி 60 ஹெர்ட்ஸ்), வீசிங்க் அட்ஜஸ்ட் 2 வைத்திருக்கிறேன்.

நூல்கண்டு:
டிவிஐ மோடை 1 ஆக்கிப் பாருங்களேன்.

தறி:
டிவிஐ மோட் எச்டிஎம்ஐ வழியாகப் போகும் ஒலியை நிறுத்தும், அவ்வளவுதான். இங்கே மெனுவே தெரிகிறதே. கோளாறு வீசிங்க் அட்ஜஸ்ட் 2-இல் இருக்கிறது. அது வைத்தால் மிஸ்டர், கோரின் (அதாவது நீங்கள் திறக்கும் பழைய கருவியின்) வேகத்துக்கே திரையை ஓட்டும். எஸ்என்இஎஸ் 60 ஹெர்ட்ஸுக்கு அருகே இருப்பதால் தப்பித்தது. பால் வகை (ஐரோப்பிய டிவி முறை) கமடோர் 64 ஓடுவது 50.125 ஹெர்ட்ஸில். 0 ஆக்குங்கள், படம் வந்துவிடும்.

பழையபெட்டி:
நன்றி அண்ணே, வந்துவிட்டது! ஆனால் பக்கவாட்டில் நகரும் விளையாட்டுகளில் தரை விட்டுவிட்டு இழுக்கிறது.

தறி:
இழுக்கத்தான் செய்யும். 50 ஃபிரேமை 60-இல் நிரப்ப, ஐந்துக்கு ஒன்றை இருமுறை காட்டியாக வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஏற்கும் டிவி இருந்தால் அதில் மாட்டுங்கள்.

ஈயப்பற்று:
டிவி வாங்குமுன் ஒரு வார்த்தை. மானிட்டர் 50 ஹெர்ட்ஸையே ஏற்காது என்று இன்னும் முடிவுகட்ட முடியாது. மோட் 8-உடன் 2 வைத்தால், 60 ஹெர்ட்ஸ் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு பிக்சல் கிளாக்கை (திரைக்குப் புள்ளிகளை அனுப்பும் வேகம்) மட்டும் 148.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து சுமார் 124-க்கு இறக்கிவிடும். அந்த விசித்திரக் கணக்கைப் பல மானிட்டர்கள் ஏற்பதில்லை. முறையான 1080பி 50 ஹெர்ட்ஸில் கிளாக் அதே 148.5-தான், ஓரத்து வெற்றிடம்தான் கூடும். மிஸ்டர்.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பின் கடைசியில் சதுர அடைப்புக்குள் சி64 என்று தனிப்பகுதி போட்டு, அதில் வீடியோ மோட் 9 (1080பி 50 ஹெர்ட்ஸ்), வீசிங்க் அட்ஜஸ்ட் 0 எழுதுங்கள். கறுத்துப்போனால் கார்டைக் கழற்றிக் கணினியில் திருத்திக்கொள்ளலாம்.

தறி:
50 ஹெர்ட்ஸ் கணினிக்கும் 60 ஹெர்ட்ஸ் மோடையே அடிப்படையாக வைக்கச் சொல்லி அந்தக் கோப்பிலேயே குறிப்பு இருக்கிறதே?

ஈயப்பற்று:
அது வீசிங்க் அட்ஜஸ்ட் போடுபவர்களுக்கு. 0 வைத்தால் பொருந்தாது.

பழையபெட்டி:
அடடா, வேலை செய்கிறது! தரை வழுக்கிக்கொண்டு போகிறது. எப்போதாவது ஒரு சின்னத் துள்ளல்.

ஈயப்பற்று:
50-க்கும் 50.125-க்கும் உள்ள இடைவெளி அது. எட்டு விநாடிக்கு ஒரு ஃபிரேம் விடுபடும்.  அதே சி64 பகுதியில் வீசிங்க் அட்ஜஸ்ட் 2 போட்டும் பாருங்கள். இப்போது கிளாக் மிகக் கொஞ்சமே நகரும், மானிட்டர் ஒத்துக்கொண்டால் துள்ளலே இருக்காது.

நூல்கண்டு:
கோரையே என்டிஎஸ்சிக்கு (60 ஹெர்ட்ஸ் அமெரிக்க டிவி முறை) மாற்றினால் தீராதா?

தறி:
படம் வரும். ஆனால் ஐரோப்பாவில் எழுதிய விளையாட்டுகளில் இசை வேகம் பிடிக்கும். ராஸ்டர் கோட்டை (திரையில் வரையப்படும் கிடைக்கோடு) எண்ணி எழுதிய டெமோக்கள் (படமும் இசையும் காட்டும் வித்தை நிரல்கள்) சில கலைந்தே போகும்.